வசந்தாமணியின் முதுகு

அம்மா பிழைத்து எழவேண்டும் என்று வேண்டிக்கொள்வதைக் கோகிலவாணி தை மாதத்தோடு நிறுத்திவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்லீரலைத் திரையில் காட்டி, புற்று எல்லா இடமும் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் முதுகில் புண் வரக்கூடாது.

இதென்ன வேண்டுதல் என்று சிலருக்குத் தோன்றலாம். அவளுடைய அப்பா சென்னியப்பனின் சாவுக்கு வந்திருந்தவர்களுக்குத் தோன்றாது. பக்கவாதத்தில் விழுந்து, படுத்த படுக்கையாகக் கிடந்து போனவர் அவர். வாசலில் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டும்போது, பின்பக்கம் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பங்காளிகள் அவரை ஒருக்களித்துப் பிடித்தார்கள். இடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துப் பிளந்திருந்தது. அதுவரை சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அப்பாவின் தங்கை நாச்சம்மாள், அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“என்ற அண்ணன உசுரோட அழுக வெச்சுப்போட்டாளே! ஒரு மனுசனப் பொரட்டிப் போடறதுக்குக்கூட இவளுக்கு நேரமில்லாமப் போச்சா?”

வசந்தாமணி பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் எத்தனையோ பேர் சாடைமாடையாகக் கேட்டபோதும் சொல்லவில்லை. கல்யாணம் காதுகுத்து என்றால் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் சிங்காநல்லூர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மகள் கோகிலவாணி, கல்யாணமே வேண்டாமென்று அம்மாவோடு தங்கிவிட்டவள், இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

அப்புறம் காலம் மாறியது. வயதானவர்களைப் படுக்கையில் போட்டுக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் புகார் எழுந்து, அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வீட்டில் இறந்தவர்களின் உடம்பை ஓர் அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் இறப்புச் சான்றிதழ். அதில் படுக்கைப்புண் இருந்ததா, இல்லையா என்று ஒரு வரி உண்டு. நல்லதுக்கென்று போட்ட சட்டம்தான். ஆனால் நம் ஜனங்கள் கையில் எதைக் கொடுத்தாலும் அதை வைத்து நாலு பேரை மட்டம் தட்டாமல் விடுவார்களா? பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, “பாட்டி போனப்ப முதுகு சுத்தமுங்களா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கோயமுத்தூரில் தலைமுறையாகப் பம்பு செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று, கிணற்றை விட்டுவிட்டுப் படுக்கைப்புண் வராமல் காக்கும் கட்டிலுக்கு வந்தது. ஓசூரில் இருக்கும் கோகிலவாணியின் தம்பி செந்தில்நாதன் அதில் ஒன்றை வாடகைக்கு எடுத்து அனுப்பினான். அதைப் பொருத்திக் கொடுக்கக் கூடவே வந்த பிட்டர் பொன்னுரங்கம், தலை நரைத்த மனிதர், உறையைப் பிரித்து விரிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நுங்கைத் தொட்டமாதிரி குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருந்தது.

“மத்த காத்து மெத்தையெல்லாம் ஒடம்பு ஒரே எடத்துல அழுந்தாமப் பாத்துக்கும், அவ்வளவுதானுங்க டீச்சர். இது தோலுக்குச் சோறே போடும். உள்ள மயிரிழையாட்டக் குழாய் ஓடுதுங்க. நோயாளிக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சாலும், வெளியில இருந்து பிராணவாயுவும் சத்தும் தோலுக்குப் போயிட்டே இருக்கும். ஆனா எல்லாப் பக்கமும் மாத்தி மாத்தி விரிப்புல படணுமுங்க. அதுக்குத்தான் கட்டிலே ஆளத் திருப்பிப் போட்டுக்குது. நீங்க கைய வெக்கவே வேண்டியதில்ல.”

“திருப்பறப்ப அவங்களுக்கு வலிச்சா?”

“நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திரும்.” பொன்னுரங்கம் காதோரம் சொறிந்துகொண்டார். “ஆனா பொறுப்பு ஏத்துக்கறீங்களான்னு ஒரு வார்த்த கேக்கும். ஆமான்னு சொன்னீங்கன்னா, யாரு நிறுத்துனாங்கன்னு பதிவாயிரும். பொறகு புண்ணு வந்தா எங்க மேல பழி வரப்படாது பாருங்க.”

குழாய்கள் செருகும் பக்கம் மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாகவேண்டும் என்பதால், கட்டிலின் இடப்பக்கம் சுவரை ஒட்டிப்போயிற்று. வசந்தாமணியைக் கிடத்தியதும் கட்டில் பேசியது. மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் குரல் அதற்கு, அத்தனை பணிவு.

“வணக்கமுங்க. அம்மாவ இடப்பக்கம் திருப்பறேனுங்க.”

மெத்தை ஒரு பக்கம் மெல்ல உப்பியது. வசந்தாமணி ஒரு சத்தமும் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணிக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வசந்தாமணிக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. சின்ன வயதில் சீழ் வடிந்து போன காது. பஞ்சாலையில் வேலை பார்த்த காலத்தில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே எதிரில் இருப்பவர்களின் வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்ளவும் அவள் பழகியிருந்தாள். ஆனால் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடக்கூடாது. “என்னயப் பாத்தா செவுடியாட்டத் தெரியுதா?” என்று ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் அவளிடம் பேச வருகிறவர்கள் சத்தங்காட்டாமல் அவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். சென்னியப்பன் பழகிய பழக்கம், பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நாளாக நாளாக, அப்படி உட்காருவதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதே அந்த வீட்டில் மறந்துபோயிற்று.

கட்டில் வந்த பிறகு வீட்டில் எல்லாரும் மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள். தலைமாட்டில் ஒரு சின்னத் திரை, அதில் மனித உடம்பின் பின்பக்கம் படமாக இருக்கும். தோல் நன்றாக இருக்கும் இடம் பச்சை, சந்தேகமான இடம் மஞ்சள், கெட்டுப்போனால் சிவப்பு. நூற்றுக்கு எத்தனை என்று மேலே எண் வரும். அது உறவுக்காரர்கள் எல்லாருடைய போனுக்கும் போகும். தொண்ணூற்றாறு என்று வந்தால் செந்தில்நாதன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போடுவான். கணக்கு டீச்சருக்கு மதிப்பெண் என்றால் கேட்கவா வேண்டும்? தன்னுடைய பிள்ளைகள் பரீட்சையில் வாங்குவதுபோல அவளும் அதை மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

வசந்தாமணிதான் ஒத்துழைக்கவில்லை.

“கண்ணு, சோத்தாங்கைப் பக்கமே இருக்கட்டும்” என்றாள் ஒருநாள். வலப்பக்கம் படுத்தால் முகம் அறையைப் பார்க்கும். கோகிலவாணி ஸ்டூலில் உட்காருவதும் அந்தப் பக்கம்தான். “செவுத்துப் பக்கம் வேண்டா.”

“ஏம்மா, வலிக்குதா?”

“வலியெல்லா ஒண்ணுமில்ல. இப்புடியே கெடக்கறேன், விடு.”

வலி இல்லை என்றால் அப்புறம் என்ன? வீம்பு என்று கோகிலவாணி நினைத்தாள். மாசி பாதியில் வலது இடுப்பு மஞ்சளாக மாறியது. அப்பாவுக்கு வந்த அதே இடம்.

“வலப்பக்க இடுப்புக்குச் சத்து பத்தலீங்க. இனிமே அந்தப் பக்கம் கொஞ்ச நேரந்தான் படுக்க வெப்பேனுங்க” என்றது கட்டில்.

அன்றிலிருந்து வசந்தாமணி பெரும்பொழுது சுவரைப் பார்த்துக் கிடந்தாள். பேச்சுக் கொடுத்தால் பதில் வருவதில்லை. மருந்து மயக்கம் என்று கோகிலவாணி எடுத்துக்கொண்டாள். கட்டில் அம்மாவை மல்லாத்தியோ வலப்பக்கமாகவோ போடும்போது மட்டும் கண்ணைத் திறந்து நாலு வார்த்தை பேசுவாள். பால்காரன் வந்தானா, செவ்வாய்க்கிழமையா புதனா, நீ சாப்பிட்டாயா. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பணிவான குரல் குறுக்கே வரும்.

வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகும் டாக்டர் ரெஜினா, திரையைப் பார்க்கவே மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பார், கையைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குக் கோகிலவாணியைத் தனியே அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், அம்மா சுவத்துப் பக்கம் வேண்டாங்கறாங்க. விட்டுடலாமே?”

“இடுப்பு மஞ்சளாயிருச்சுங்க டாக்டர். விட்டா புண்ணாயிரும்.”

“ஆகலாம். ஆகட்டும்.” டாக்டர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். “கிட்னி வேல செய்யறது நின்னுக்கிட்டு வருது. குடல் நின்னுருச்சு. அதுக்கெல்லாம் நாம யாரையும் குத்தம் சொல்றோமா? தோலும் ஓர் உறுப்புதான். சாகப்போற உடம்பு, இருக்கற ரத்தத்த இருதயத்துக்கும் மூளைக்கும் இழுத்துக்கும், தோல விட்டுடும். கடைசி நாள்ல அப்படி வர்ற புண்ண எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டாலும் தடுக்க முடியாது. கவனிக்காம விட்டதால வர்ற புண்ணு வேற, இது வேற. உங்க அப்பாவுக்கு வந்ததா நீங்க சொன்னதும் இதா இருக்கலாம்.”

“அதான் இந்தக் கட்டிலு தடுக்குதுங்களே.”

“தடுக்குது. நான் இல்லேங்கல. தோலக் காப்பாத்துது. நான் கேக்கறது, அம்மா எப்படி இருக்காங்கன்னு. ஒரு நாள்ல எத்தன தடவ பொரட்டுது? ஒரு வார்த்த பேசி முடிக்க விடுதா?”

கோகிலவாணி அடுப்பில் இருந்த கஞ்சியைக் கிளறினாள். கண்ணில் நீர் முட்டியது. “நீங்க சொல்றது புரியுதுங்க டாக்டர். ஆனா நாளைக்கு அம்மாவக் குளிப்பாட்டறப்ப நாச்சம்மா அத்த நிப்பாங்க. ஊரே நிக்கும். கடைசியிலயும் எங்கம்மா அந்தப் பேச்சு வாங்கிட்டுப் போகணுமா? புருசன அழுக வெச்சா, அதான் அவளுக்கும் அப்படின்னு சொல்லுவாங்க. நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?”

“வந்து சொல்றேன்” என்றார் டாக்டர். “ஆனா சாவு வீட்ல டாக்டர் பேச்ச யாரு கேப்பாங்க!”

அவர் சொன்னது கோகிலவாணியை உறுத்தாமல் இல்லை. அன்று சாயங்காலம் கட்டில் இடப்பக்கம் திருப்பப்போவதாகச் சொன்னபோது வசந்தாமணி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

“நிறுத்து” என்றாள் கோகிலவாணி.

“நிறுத்தினா வலப்பக்க இடுப்புல புண்ணு வருமுங்க. பொறுப்பு நீங்க ஏத்துக்கறீங்களாங்க?”

ஆமாம் என்கிற ஒரு சொல் அவளுடைய தொண்டை வரைக்கும் வந்தது. திரையில் இடுப்பு மஞ்சளாக மினுங்கியது. அது இந்நேரம் ஓசூரிலும் திருப்பூரிலும் தாராபுரத்திலும் மினுங்கிக்கொண்டிருக்கும். அவள் மெதுவாக அம்மாவின் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

“இல்ல. திருப்பு.”

அதற்கு மறுநாள், வலப்பக்கம் படுத்திருந்த கொஞ்ச நேரத்தில், வசந்தாமணி சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தாள். நாக்கு உலர்ந்து சொற்கள் இழுத்து இழுத்துத்தான் வந்தன.

“உங்கப்பாவ... நாந்தான் திருப்பல.”

இத்தனை வருஷத்தில் அம்மா அதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

“தெரிஞ்சுதான்... திருப்பல. அவரு அந்தப் பக்கமே... பேசிக்கிட்டே...”

“அம்மாவ இடப்பக்கம் திருப்பறேனுங்க” என்றது கட்டில்.

மிச்சம் சுவரோடு போயிற்று. கோகிலவாணி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். செத்துப்போகும் நேரத்தில் அம்மாவின் மனசை அந்தப் புண்தான் அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் புலம்பல் என்று அவளுக்குப் பட்டது. அப்படியானால் இந்த முதுகைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அம்மாவுக்குச் செய்யக்கூடிய பிராயச்சித்தம். டாக்டர் பேச்சைக் கேட்டு அரைகுறையாக ஆடிக்கொண்டிருந்த மனசு அன்றைக்குக் கல்லாகிவிட்டது. மஞ்சள் மறையும்வரை வலப்பக்கமே வேண்டாம் என்று கட்டிலிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் மத்தியானத்துக்குள் இடுப்பு பச்சையானது. எண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. உறவுக்காரர்கள் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

அந்த மத்தியானம்தான் அவள் அம்மாவிடம் மனசைத் திறந்தாள். வீட்டில் யாரும் இல்லை. வசந்தாமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோகிலவாணி ஸ்டூலை இழுத்துப்போட்டு, அந்த மெலிந்த தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அத்த அன்னிக்கு அப்படிக் கத்துனப்ப நான் உன் பக்கத்துல வந்து நின்னிருக்கணும். நிக்கல. ஏன்னா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீதான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்னு நானும் நெனைச்சேன். உன்ற கூடவே இருந்துக்கிட்டு, உன் கையால சாப்பிட்டுக்கிட்டு, இத்தன வருசமும் மனசுக்குள்ள அத வெச்சிருந்தேன். நீ பின்வரிசையில போயி உக்காரும்போது பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன மன்னிச்சிரும்மா. டாக்டர் சொல்றாங்க, அது யாரு தப்பும் இல்லையாம். எப்படியிருந்தாலும் என்ன மன்னிச்சிரு.”

சொல்லச் சொல்ல அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் தோள் அசையவில்லை. மூச்சு மட்டும் சீராக ஏறி இறங்கியது. தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள், மன்னிக்க மனசு வரவில்லை என்று கோகிலவாணி நினைத்தாள். அதுவும் நியாயம்தான் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் அம்மாவை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. வசந்தாமணி மகளைப் பார்த்தாள். சிரிப்பதுபோல உதடு கோணியது.

“ஏங் கண்ணு, இத்தன நேரம் ஒண்ணும் பேசாமயே உக்காந்துட்டிருக்கறே?”

நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது என்று கோகிலவாணி நினைத்தாள். சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. “ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு” என்றாள். நாளைக்குத் தெளிவாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் காப்பி கலந்துகொண்டு வந்தபோது திரை முழுக்கப் பச்சை. தொண்ணூற்றொன்பது. இதுவரை வந்ததிலேயே அதிகம். செந்தில்நாதன் அதற்குள் போனில் கைதட்டல் படம் போட்டிருந்தான். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுப்பவேண்டாம் என்று கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள், பேப்பரைப் புரட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு நீட்டித்து ஒரு செய்தி அனுப்பினாள்.

“அம்மாவ வலப்பக்கம் திருப்பறேனுங்க.”

அம்மாவின் முகம் அவள் பக்கம் வந்தது. வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. கோகிலவாணி கன்னத்தைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. எப்போது போனாளோ தெரியாது. மூச்சைப் பார்ப்பது அந்தக் கட்டிலின் வேலை இல்லை. அது தோலுக்கான கட்டில், தோல் நன்றாக இருந்தது. திரையில் எண் அசையவே இல்லை.

செத்த வாயில்தான் பால் ஊற்றினாள்.

அதிகாரி வந்து பார்த்தார். “சுத்தமுங்க. ரொம்ப நல்லாப் பாத்துருக்கறீங்க” என்று எழுதிக்கொண்டு போனார். மதியத்துக்குள் செந்தில்நாதனும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். உறவு முழுக்க வந்தது. வாசலில் சேலைகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் வசந்தாமணியைப் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். பின்பக்கம் ஊற்ற ஒருக்களித்துப் பிடித்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

மஞ்சளித்து ஒட்டிப்போன முகத்துக்கும் குச்சிக் கைகால்களுக்கும் அந்த முதுகு சம்பந்தமே இல்லாமல் இருந்தது. தோளிலிருந்து தொடைவரை பச்சைக்குழந்தையின் தோல். ஒரு கீறல் இல்லை. விரிப்பிலிருந்து எடுத்து நேரமாகியும் இளஞ்சூடாகவே இருந்தது. ஒருத்தி தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தொட்டார்கள்.

“இன்னும் அந்தத் தோலுக்குச் சேதி போய்ச் சேரல போலிருக்குது” என்றாள் ஒருத்தி.

“பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கோணும்.”

கோகிலவாணி குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டிக்கொண்டது அப்படியே கிடைத்திருந்தது. நாச்சம்மாள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். கிழவியாகிவிட்ட அத்தை அந்த முதுகை ஒரு பார்வை பார்த்தாள், தொடவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

புதுச்சேலை உடுத்தி உள்ளே கிடத்திய பிறகு நாச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரோரமாக நுழையப் பார்த்தாள்.

“அங்க எடமில்லீங்க ஆத்தா. இந்தப் பக்கமா உக்காருங்க” என்று யாரோ கையைப் பிடித்தார்கள்.

“விடு சாமி. இந்தப் பக்கம் உக்காந்தாத்தானே அவளுக்குக் கேக்கும்” என்று அத்தை கையை உதறிவிட்டு, சுவருக்கும் வசந்தாமணிக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். குனிந்து, அந்த இடது காதில் வாயை வைத்துச் சொன்னாள். ரகசியமாகத்தான் சொல்ல நினைத்திருப்பாள், கிழவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“வசந்தா, நாச்சம்மா பேசறேன். எங்கண்ணன் போறதுக்கு மொத நாளு நான் வந்தேன், ஞாபகமிருக்குதா? அவரு உன்ற பக்கமாத் திரும்பிப் படுத்துட்டு, கோணவாயில என்னமோ சொல்லிட்டிருந்தாரு, நீயி சிரிச்சுட்டிருந்தே. டாக்டரு திருப்பச் சொன்னாரேன்னு நாங் கேட்டதுக்கு, அந்தப் பக்கம் போட்டா என்ற மூஞ்சி தெரியாதுங்கறாருங்க, எப்புடிப் போடறதுன்னு சொன்னே. எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் அன்னிக்கு நான் வாயை விட்டேன். ஆத்தரம், கண்ணு. அண்ணன் போன ஆத்தரம். நீ ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருந்தா நானும் மன்னாப்புக் கேட்டிருப்பேன்.”

செந்தில்நாதன் அத்தையைத் தூக்கிவிட ஓடினான். கோகிலவாணியால் நகர முடியவில்லை. அத்தை எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தானே கேட்கும். சோத்தாங்கைப் பக்கமே இருக்கட்டும் கண்ணு. ஏங் கண்ணு ஒண்ணும் பேசாமயே. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். கேட்கும் காதைத் தலையணையில் புதைத்து, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, நாள் முழுக்க அம்மாவைத் தனியே போட்டுவைத்திருந்தாள். மஞ்சளைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள், இதைப் பார்க்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா போன துக்கம் இப்போதுதான் தாக்குகிறது என்று பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கட்டிலை எடுத்துப்போகப் பொன்னுரங்கம் வருவதாகச் சொன்ன நாள், மத்தியானம், கோகிலவாணி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விரிப்பின்மேல் ஏறி இடப்பக்கமாக, சுவரைப் பார்த்துப் படுத்தாள். இடது காது தலையணையில் புதைந்தது. வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள். பம்பு ஓடும் அதிர்வு மட்டும் தலையணை வழியாக மண்டைக்குள் இரைந்தது. எதிரில் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாளோ, திரும்பிப் படுத்தபோது ஸ்டூலில் ஒரு டம்ளர் காப்பி இருந்தது. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. தம்பி மனைவி வந்திருக்கிறாள், அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறாள், தூங்குகிறாள் என்று நினைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கோகிலவாணி வலப்பக்கமாகவே படுத்து அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவ இடப்பக்கம் திருப்பறேனுங்க” என்றது கட்டில். அதற்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.

“நிறுத்து.”

“நிறுத்தினா புண்ணு வருமுங்க. பொறுப்பு நீங்க ஏத்துக்கறீங்களாங்க?”

“ஏத்துக்கறேன்.”

“யாருங்கன்னு சொல்லுங்க.”

“கோகிலவாணி” என்றாள். “வசந்தாமணியோட மக.”

“பதிவாயிருச்சுங்க.”

பம்பு நின்றது. அடுப்படியில் தம்பி மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே செந்தில்நாதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பால்காரன் மணி அடித்தான். வலப்பக்கம் படுத்திருந்தபோது எல்லாம் நன்றாகக் கேட்டது.